கைவேலைப் பக்கம்: போகிக்குப் போடுவதற்கு முன்...

போகி நெருங்கினாலே வீட்டில் ஒரு வேகம் வந்துவிடும். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். கால் ஆடும் ஸ்டூல், கதவு தொங்கும் சமையலறை அலமாரி, பெயிண்ட் உரிந்த பீரோ எல்லாம் முற்றத்தில் வரிசை கட்டி நிற்கும். "இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாம்மா" என்பான் பிள்ளை. "பழைய சாமான்காரன்கிட்ட போட்டா காபிப் பொடிக்காவது ஆகும்" என்பார் வீட்டுக்காரர்.

சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். தூக்கிப் போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். போன மரம் திரும்பி வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பழம்பொருள் கடைகளில் பெரிய வீடுகளின் கதவும் தூணும் அலமாரியும் குவிந்து கிடக்கின்றன. நாம் வேண்டாம் என்று தள்ளியதை இன்னொருவர் துடைத்து வைத்து நல்ல விலைக்கு விற்கிறார். அந்தத் துடைக்கிற வேலையை நாமே செய்தால் என்ன?

முதலில் மரத்தைப் பாருங்கள்

அலமாரியின் பின்பக்கம், இழுப்பறையின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் பெரும்பாலும் பெயிண்ட் இருக்காது. அங்கே ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். பொன் கலந்த பழுப்பு நிறமும், நீள ரேகையும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையும் இருந்தால் தேக்காக இருக்கலாம். மஞ்சள் ஓடினால் பலா. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டால் சந்தேகம் தீரும்.

அடுத்து பூச்சி. மண் கோடு ஓடியிருந்தால் கரையான். குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்து, கீழே மாவு மாதிரி கொட்டியிருந்தால் உளு. மாவைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து அடித்த பிறகுதான் மற்ற வேலை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் சுலபத்தில் தொடாது. ஓரத்தில் வெளுத்திருக்கும் பகுதியைத்தான் தின்னும்.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் தண்ணீர் காட்டாதீர்கள். ஊறினால் அப்பளம் போல உப்பிவிடும். காய்ந்தாலும் பழையபடி ஆகாது. புதிதாகப் பலகை மாற்ற வேண்டி வந்தால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே 710 என்ற ஐ.எஸ். எண் போட்ட மெரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்குத் தாங்கும்.

பெயிண்டுக்குள் இருக்கும் விஷம்

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. பெயிண்டில் சேர்ப்பது காரீயம். நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் காயவும் அதைச் சேர்த்தார்கள். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் நல்லது.

உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். அது தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். ரத்தசோகை வரும், மூளை வளர்ச்சி பாதிக்கும், படிப்பு ஏறாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் இந்த வேலைப் பக்கம் வரக்கூடாது.

இன்னொன்று. பெயிண்ட் அடித்த பழைய மரத்தைப் போகியில் எரிக்காதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் வைக்காதீர்கள். புகையிலும் விஷம், சாம்பலிலும் விஷம். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கவே கூடாது.

நாத்தனார் வீட்டு அலமாரி

என் நாத்தனார் வீட்டில் மாமியார் காலத்து அலமாரி ஒன்று உண்டு. ஆளுயரம், இரட்டைக் கதவு, மேலே பச்சை எனாமல். உள்ளே துடைத்துப் பார்த்தால் அசல் தேக்கு. "அண்ணி, பச்சையெல்லாம் சுரண்டிட்டு பாலிஷ் போட்டுடலாமா? மினுமினுன்னு இருக்குமே!" என்று அவளுக்கு ஒரே ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் பத்து மாதப் பேரன். பல் முளைக்கிற சமயம், கட்டில் கம்பியைக்கூட விடாமல் கடிக்கிறான். இருப்பதோ இரண்டு அறை. மொட்டை மாடிக்கு அந்த அலமாரியை ஏற்ற முடியாது.

"வேண்டாம்மா, இப்ப உரிக்க வேண்டாம். மேலே மூடிடலாம்" என்றேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "தேக்கு எங்கேயும் ஓடிப் போகாது. பேரன் பள்ளிக்கூடம் போற வயசானப்புறம் வெளியே தூக்கிட்டுப் போய், ஆளை வெச்சு உரிச்சுக்கலாம்" என்று சொன்னதும் சமாதானமானாள்.

பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே புது பெயிண்ட் அடித்து மூடிவிடுவதே குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பத்திரம். எங்கேயாவது உரிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துச் சப்பைத் தகடால் எடுங்கள். கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு அதைச் சுருட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காமல், ஈரத் துணியால் இரண்டு தரம் துடையுங்கள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடினால் போதாது. என்-95 முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பேரனை நான்கு நாள் சம்பந்தி வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வேலையை முடித்தோம். வெளியே சந்தன நிறம். உள்தட்டுகளுக்கு எந்தக் காலத்திலும் பெயிண்ட் அடித்ததில்லை என்பதால் அங்கே பாலிஷ். கதவைத் திறந்தால் தேக்கு தெரிகிறது. நாத்தனாருக்குப் பாதி ஆசை நிறைவேறிவிட்டது!

சமையலறை அலமாரிக்கு

சமையலறை மரத்துக்குப் பெரிய எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. அது இருக்கும்வரை எந்த பெயிண்டும் பிடிக்காது. அரை வாளி வெந்நீரில் இரண்டு மேஜைக் கரண்டி சலவைச் சோடா கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். சோடா பெயிண்ட் அடித்த மரத்துக்கு மட்டும். வெறும் தேக்கில் பட்டால் கறுத்துவிடும்.

கதவுகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். திருகாணிகளை அந்தந்த எண் போட்ட டப்பாவில் போடுங்கள். பிறகு 220-ம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். காய்ந்ததும் ஒரு கை பிரைமர். மறுநாள் பள்ளங்களில் மக்கு வைத்து, காய்ந்ததும் தேய்த்து, எனாமல் இரண்டு கை. ஒரே தரம் தடிமனாக அடித்தால் வழியும், சுருங்கும். இரண்டு கைக்கும் நடுவே ஒரு ராத்திரி விடுங்கள். பெயிண்ட் டின்னில் ஈய அளவு 90 பி.பி.எம்.முக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பட்டை வெயிலிலும் காய வைக்காதீர்கள், கொப்புளம் வரும்.

பாலிஷ் போட ஆசையா?

இதற்கு மருந்து அவலரக்கு. அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 100 கிராம் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி ஊற வைத்து வடிகட்டுங்கள். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பந்தாகக் கட்டி, அதில் தொட்டு, ரேகையோடு இழுத்து இழுத்துப் பூசுங்கள். சீக்கிரம் காயும். நாலைந்து கை கொடுத்தால் மெல்ல மெருகு ஏறும். ஸ்பிரிட் குப்பென்று தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்பதால் சமையல் மேடைப் பக்கம் இந்த பாலிஷ் வேண்டாம். துணி, புத்தகம் வைக்கும் அலமாரிக்கு இதைவிட அழகு இல்லை.

சின்னச் சின்ன வைத்தியம்

* கீலில் திருகாணி லூசாகச் சுற்றுகிறதா? மருந்துத் தலையைக் கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் இறுக்கிச் செருகுங்கள். மறுநாள் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகுங்கள். கதவு நிமிர்ந்துவிடும்.

* இழுப்பறை இழுக்க வரவில்லையா? ஓடும் கட்டைகளில் மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

* வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் தட்டுக்கு மரக் கதவை எடுத்துவிட்டு, அதே சட்டத்தில் கம்பி வலை அடியுங்கள். காற்று போனால் அழுகாது.

* அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தை அடையுங்கள். கரப்பான் குடியிருப்பது அங்கேதான்.

மூட்டு விட்டுப்போன கட்டில், கரையான் அரித்த கால், உத்தரத்து உயரத்தில் தொங்கும் அலமாரி, இதெல்லாம் ஆசாரி வேலை. அவரைக் கூப்பிட்டுக் கூலி பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தரம் பாதி வேலை நமக்கே வரும். "பொம்பளைங்களுக்கு எதுக்கு திருப்புளியும் சுத்தியலும்?" என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து காட்டுங்கள். அது கிறீச்சிடாமல் திறப்பதே பதில்.

அடுத்த இதழில்: பிய்ந்துபோன பிரம்பு நாற்காலிக்குப் பின்னல் போடுவது எப்படி? பழைய நாற்காலியைப் போகியில் போட்டுவிடாமல் வைத்திருங்கள்!