வெடிமருந்து லயத்துக்குள் வரலாமா?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் நடந்த ஒரு மகளிர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து எம்மிடம் கேட்டார்: "ஆகாய வாணத்துக்குள்ள வைக்கிற நட்சத்திரத்த வீட்டிலேயே உருட்டிக் குடுத்தா கைக்காசு தாரதா ஒருத்தர் சொல்றாரு. மெசின் ஒன்னும் வேணாமாம். செய்யலாமாங்க?"

மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, உறவினரின் லயக்காம்பராவில் ஒதுங்கியிருப்பவர் அவர். "ஆபத்து, வேண்டாம்" என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதில் அடுப்பில் உலை வைக்காது. ஆகவே விசாரித்தும் யோசித்தும் எமது பதிலை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பது எமக்குத் தெரியும்.

நட்சத்திரம் என்பது என்ன?

வாணம் வானத்தில் விரியும்போது சிவப்பும் பச்சையுமாய்ச் சிதறும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு மருந்து உருண்டை. சிவகாசியில் இதை மணிமருந்து என்பார்கள். எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைக் கொடுக்கும் ஓர் உப்பு, எரியும் தூள், நிறம் தரும் ஓர் உலோக உப்பு, இவற்றைப் பிடித்துவைக்கும் பசை ஆகியவையே இதில் இருக்கின்றன. ஸ்ட்ரொன்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும் தருகின்றன.

இதற்கு இயந்திரம் வேண்டாம் என்பது பொய்யல்ல. கலவையைப் பசையோடு பிசைந்து, தொதல் வெட்டுவதுபோல் வெட்டியோ கையால் உருட்டியோ காயவைப்பார்கள். பலகாரம் செய்யத் தெரிந்த எந்தக் கைக்கும் இது இலகுவாகவே தோன்றும். ஏமாற்றும் இடமும் இதுதான். பலகாரம் பிழைத்தால் கருகும். இது பிழைத்தால் வீடே எரியும். வெடிப்பதற்கு நெருப்புக் குச்சி தேவையில்லை. ஓர் உராய்வு, ஓர் இடி, நைலோன் சேலையில் பிறக்கும் ஒரு மின்பொறி போதும். சில பொருட்கள் தனித்தனியே சாதுவாக இருந்து, சேர்ந்தவுடன் குணம் மாறுகின்றன. குளோரேற்றையும் கந்தகத்தையும் கலப்பதை இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் தடைசெய்தது. பிரித்தானியாவில் 1894ஆம் ஆண்டிலேயே அது தடைசெய்யப்பட்டுவிட்டது. பையில் கட்டிவரும் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர் யார்?

மெசின் வேண்டாம், இடம் வேண்டும்

மணிமருந்துக்கு இயந்திரம் வேண்டாம். ஆனால் இடம் வேண்டும். காய்ந்த இடம், தனித்த இடம், அடுப்பில்லாத இடம். எமது தோட்டங்களில் இல்லாதது அதுதான்.

ஒரு கூரை, வரிசையாகக் காம்பராக்கள், அடுத்த வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர்: இதுதான் லயம். ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ கூரை வழியே மற்றக் காம்பராக்களுக்கும் போவதை மலையகத்தில் நாம் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்! மின்கம்பி ஒழுக்கில் பிடித்த தீயே வரிசையைச் சாம்பலாக்குமென்றால், மருந்து இருக்கும் காம்பராவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அது அந்த வீட்டாருடைய ஆபத்து மட்டுமல்ல. அடுத்த சுவருக்குப் பின்னால் தொட்டிலில் தூங்கும் பிள்ளையிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

காலநிலையையும் பாருங்கள். தீபாவளிக்கான கேள்வி கூடும் காலத்தில்தான் ஊவாவில் மழைக்காலம் தொடங்குகிறது. துவைத்த துணியே நாட்கணக்கில் காயாத மாதங்கள் அவை. ஈரமான உருண்டைகளை எங்கே காயவைப்பது? விறகு காயும் பரணில், அடுப்புக்கு மேலே. வேறு சூடான இடம் வீட்டில் இல்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரத்தில் தானாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும். யூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்திலோ மின்பொறி எளிதில் பிறக்கும். பிடித்த தீயும் வேகமாகப் பரவும். எந்தப் பருவமும் இதற்கு ஏற்றதல்ல.

இன்னொன்றும் உண்டு. பேரிய உப்புகள் பல நஞ்சானவை. மருந்து பிசைந்த கையாலேயே ரொட்டிக்கு மாவும் பிசைய வேண்டியிருக்கும் காம்பராவில் அந்தக் கை எத்தனை தடவை கழுவப்படும்?

சிவகாசி சொல்வது

"சிவகாசியில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்களே" என்பார்கள். சிவகாசியின் கதையை முழுதாகக் கேட்போம். அது மழை குறைந்த, பயிர் பொய்த்த பூமி. அங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது 1923ஆம் ஆண்டில். பின்னர் பட்டாசும் வந்தது. இன்று இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. பயிர் பொய்த்த ஊருக்குச் சோறு போட்ட தொழில் அது. அதை நாம் இகழவில்லை.

ஆனால் அந்தக் காய்ந்த பூமியிலேயே, அறைகள் தள்ளித் தள்ளிக் கட்டப்பட வேண்டும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். விதி மீறப்பட்ட இடங்களில் உயிர்கள் போயின. 2012 செப்டெம்பர் 5ஆம் திகதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். சத்தம் கேட்டு ஓடிவந்த அயலவரும் அவர்களில் இருந்தனர். உரிமம் ஒருவர் பெயரில், வேலை வேறொருவர் குத்தகையில் என்ற நிலையும் அங்கே விபத்துகளின்போது வெளிவந்திருக்கிறது. அனுமதியில்லாமல் வீட்டில் கருந்திரியும் வெடியும் செய்து, வீட்டோடு மாண்டவர்களின் செய்திகளும் அந்த மாவட்டத்திலிருந்து வருகின்றன. பிள்ளைகளை இத்தொழிலிலிருந்து மீட்க 1996ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றமே தலையிட்டு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முதலாளி 20,000 ரூபா கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எமது நாட்டிலும் நீர்கொழும்புக்கு அருகே கிம்புலாப்பிட்டிய சீனவெடிக்குப் பெயர்பெற்ற கிராமம். அனுபவமுள்ள அந்தக் கைகளுக்கும் விபத்து நேர்ந்திருக்கிறது.

பிடிபடுவது யார்?

1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது குற்றம். பொடியைக் கொண்டுவந்து தருபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கலாம். அது அவருடைய இடத்துக்குத்தான், உங்கள் காம்பராவுக்கல்ல. பொலிஸ் வரும்போது மருந்து இருப்பது உங்கள் வீட்டில். தமிழர் வீட்டில் வெடிமருந்து என்றால் அது எப்படிப் பார்க்கப்படும் என்பதை, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

காயம்பட்டால்? வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் 1934 முதல் இருக்கிறது. ஆனால் கடிதமில்லை, சம்பளச் சீட்டில்லை, முதலாளியின் முழுப்பெயர்கூடத் தெரியாது என்றால் யாரிடம் நட்டஈடு கேட்பது? வேலையை வீட்டுக்கு அனுப்புகிறவர் கூலியை மட்டும் குறைக்கவில்லை. ஆபத்து முழுவதையும் உங்கள் கூரைக்குக் கீழே இறக்கிவிட்டுப் போகிறார்.

எமது பதில்

ஆகவே அந்தத் தாய்க்கு எமது பதில் இதுதான்: மருந்து லயத்துக்குள் வரவே கூடாது. முகாமுக்கும் தற்காலிகக் கொட்டிலுக்கும்கூட இதுவே பதில். கொஞ்சம்தானே என்பதும், இந்தத் தீபாவளிக்கு மட்டும் என்பதும் வேண்டாம்.

வேலை வேண்டுமென்றால் கொந்தராத்துக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவாரா? வேலையிடம் குடியிருப்புக்கு வெளியே தனியே இருக்கிறதா? பெயர் எழுதிக் கடிதம் தருவாரா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லாதவரிடம் முற்பணம் வாங்காதீர்கள். வாங்கிய முற்பணமே பிறகு வாயை அடைத்துவிடும். மருந்து தொடாத வேலையும் இத்தொழிலில் உண்டு. வெறும் காகிதக் குழல் சுற்றுவது, பெட்டி ஒட்டுவது, லேபல் ஒட்டுவது ஆகியவற்றை வீட்டில் செய்யலாம். கூலி குறைவுதான். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே குரலில் பேசினால் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். எந்த வேலையானாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். ஆபத்தான தொழிலில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்துவது எமது நாட்டிலும் சட்டவிரோதம்.

இத்தோடு நிறுத்தினால் எமது பதில் பாதிப் பதிலே. விவசாயக் குடும்பம் ஒன்று மருந்து உருட்டக் கேட்பது பேராசையால் அல்ல, மண் இல்லாததால். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பற்றிப் பேசினார்கள்; பயிர்நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டலாம். அதில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டுக் குடும்பத்தை நடத்த முடியுமா?

பிரதேச செயலகத்துக்குப் போகும்போது வீட்டோடு சேர்த்துப் பயிர்நிலத்தையும் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தில்லை என்று சொல்லும் தரிசு நிலத்தைக் குத்தகைக்காவது கேளுங்கள். தனியே போகாமல் சங்கமாகப் போங்கள். எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் மனுவை எழுத நாமும் வருவோம்.

அந்தத் தாயின் கைகள் இருபது வருடம் மண்ணைப் பக்குவப்படுத்திய கைகள். அவற்றுக்கு நிலம் கேட்பதே எமது வேலை. நிலம் கிடைக்கும்வரை அந்தக் கைகள் பத்தும் விரலோடு இருக்கட்டும்.