குழந்தையின் மனநலமும் வழிபாட்டிடங்களும்: எங்கள் நிலைப்பாடு

மனம் கலங்கிய குழந்தையைப் பெற்றோர் கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ அழைத்துப் போவதை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. போன இடத்திலேயே நின்றுவிட்டு, மருத்துவரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் கடத்துவதை எதிர்க்கிறோம். குழந்தையைக் கட்டிவைப்பதையும் அடிப்பதையும் பட்டினி போடுவதையும், கொடுத்துவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதையும், எந்தச் சாமியின் பெயரால் செய்தாலும் எதிர்க்கிறோம்.

ஆரணியிலும் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களிலும் குடும்பங்களோடு வேலை செய்கிற நாங்கள் இறைநம்பிக்கையால் இந்தப் பணிக்கு வந்தவர்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் எங்களுள் உண்டு. அதனால் 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று இரண்டு தரப்பும் கேட்கிறது. பகுத்தறிவு பேசும் நண்பர்களுக்கு நாங்கள் மூடநம்பிக்கைக்கு முட்டுக்கொடுப்பவர்கள். பக்தியுள்ள நண்பர்களுக்கோ சாமி காரியத்தில் டாக்டரை நுழைப்பவர்கள். இரு தரப்புக்கும் ஒரே பதிலை எழுத்தில் வைக்கிறோம்.

முதலில் ஊரைப் பற்றி. பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா குழித்தறியில் இறங்கினால் அம்மா தார் சுற்றுகிறாள். பிள்ளை படிப்பதும் தூங்குவதும் அந்தச் சத்தத்துக்குள்தான். சேலை இறங்கினால்தான் கூலி. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும். தறி நின்றாலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்காது. அந்த முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளையே தறிக்கு அனுப்பிய காலம் அதிக தூரத்தில் இல்லை. இந்தியப் பட்டுத்தொழிலில் குழந்தைக் கொத்தடிமை முறை பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில், பக்கத்து ஊரான காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அன்று இந்த வட்டாரத் தறிக்குழிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தாம் இன்று அப்பாவும் அம்மாவும். அவர்களுடைய பயமும் அடக்கிவைத்த கோபமும் குடியும் எங்கிருந்து வந்தன என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. குழந்தையின் மனநலம் பற்றிப் பேசும்போது குடும்பத்தை விட்டுவிட்டுப் பேச எங்களுக்கு வழி தெரியவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்துகிறது, அல்லது இரவில் அலறுகிறது, பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுக்கிறது. "புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கு" என்கிறார் பாட்டி. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்பதை வீட்டில் முதலில் கண்டவர் அவர்தான். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். படவேடு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். தர்காவில் ஓதி ஊதிவிட்டு வருகிறார்கள். பக்கத்துத் தெரு ஜெபவீட்டில் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். ஆரணியில் ஒரே குடும்பம் ஒரே மாதத்தில் இந்த நான்கையும் செய்வது அதிசயமில்லை. மதம் பார்த்துப் பயப்படுகிற வசதி ஏழைக்கு இல்லை.

ஏன் அங்கே முதலில் போகிறார்கள் என்பதை மருத்துவத் துறை யோசிக்க வேண்டும். பூசாரி அரைமணி நேரம் கேட்கிறார். சாயங்காலம் போகலாம், கூலி போகாது. 'பைத்தியம்' என்ற பெயர் ஒட்டாது. மருத்துவமனைக்குப் போனால் இரண்டு பேருடைய ஒருநாள் கூலி போகிறது; வரிசையில் நின்று, மூன்று நிமிடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, என்ன நோய் என்றே தெரியாமல் திரும்ப வேண்டியிருக்கிறது.

வழிபாட்டிடம் தரும் ஆறுதல் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு ஆய்வும் உண்டு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர்கள் கவனித்து எழுதிய கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தங்கிய காலத்தில் அவர்களுடைய நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே பேய் ஓட்டவில்லை, யாரையும் கட்டவில்லை. கோயில் வேலையில் கைகொடுத்து, வேளைக்குச் சாப்பிட்டு, மதிப்போடு நடத்தப்பட்டார்கள். கூடவே குடும்பத்தார் இருந்தார்கள். பகுத்தறிவு நண்பர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதே கட்டுரையைக் காட்டி 'மருந்தே வேண்டாம்' என்று வாதிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கோயிலில் தங்கியவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கை 31தான், நோய்க்குறி குறைந்ததும் ஐந்தில் ஒரு பங்குதான்.

இன்னொரு பக்கத்தில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த நோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அவர்களைக் கட்டியது தர்காவின் நம்பிக்கை இல்லை. அந்த நம்பிக்கையைச் சுற்றி முளைத்த வியாபாரம். ஆனாலும் வழிபாட்டிடத்தின் நிழலில் நடப்பதற்கு வழிபாட்டிடமும் பொறுப்பு என்றுதான் நாங்கள் கருதுகிறோம். 'அது எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே' என்ற பதில் எங்களுக்குப் போதாது.

பெரியவர் ஒருவர் குணசீலத்தில் 48 நாள் தங்க விரும்பினால் அது அவர் விருப்பம். அங்கே பெருமாள் சந்நிதியோடு மனநல மறுவாழ்வு மையமும் இருப்பது நல்லது. குழந்தையின் நிலை வேறு. ஒன்பது வயதுப் பிள்ளை எந்தச் சந்நிதியையும் தேர்ந்தெடுப்பதில்லை. பெரியவர்கள் இழுத்துப் போகிற இடத்துக்குப் போகிறது. வேப்பிலை அடி விழும்போது 'வேண்டாம்' என்றால், பேசுவது உள்ளே இருப்பது என்று சொல்லி இன்னும் நாலு அடி போடுகிறார்கள். மறுப்பதே நோயின் அடையாளமாகிவிடும் இடத்தில் குழந்தைக்கு வாயே இல்லை. எங்கள் நிலைப்பாடு முழுவதும் நிற்பது இதன்மேல்தான். பெரியவரின் நம்பிக்கை பெரியவருக்கு. அதைக் குழந்தையின் உடம்பில் செலுத்திப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை.

பேய் என்று கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பலவகைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு வலிப்பு. வலிப்பு மனநோயே அல்ல. மூளை நரம்பு சார்ந்தது. முறையாக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் இரும்பைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு நட்டம். சிலர் ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். அவர்களைவிட்டு விரட்ட வேண்டியது எதுவுமில்லை. அவர்களுக்கு வேண்டியது பயிற்சி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தகுதியானவர்களுக்கு அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை. அட்டை வாங்கினால் கல்யாணம் ஆகாது என்று தயங்கும் தாய்மாரிடம் நாங்கள் பலமுறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வகைதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளை திடீரென்று ஆடுகிறாள், யாரோ ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ பார்த்தால் மயங்கி விழுகிறாள். வீட்டுக்குள் நேரும் பாலியல் கொடுமையை ஒரு பெண் குழந்தை எந்த வார்த்தையில் சொல்வாள்? வேறு எதைச் சொன்னாலும் அடி விழும் வீட்டில், சாமி வந்து பேசினால் மட்டும் கேட்கிறார்கள். எல்லா ஆட்டமும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்படியும் இருக்கலாம் என்ற சந்தேகம் பூசாரிக்கும் போதகருக்கும் ஹஜ்ரத்துக்கும் எப்போதும் இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் வீட்டாரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவது அவர்கள் வேலை அல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராயினும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் அவர்மேலும் வழக்கு வரும். குடும்ப மானம், சபையின் பெயர் என்பவை இங்கே காரணமாகா.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-லும் வழிபாட்டிடங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் உள்ளன. மனநோயாளிகளைத் தற்காலிகமாகவேனும் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், என்ன பெயரில் நடந்தாலும், மனநல நிலையமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சிறாரை அனுமதிப்பதானால் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகுதான். பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். உடன் ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். பெண் குழந்தைக்கு ஆண் காப்பாளர் என்றால் பெண் உதவியாளர் கட்டாயம். ஆதரவற்ற குழந்தைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப் பதிவு தனி. நல்ல எண்ணத்தில் நடத்துகிறோம் என்பது பதிவுக்கு மாற்றாகாது. வலிப்பையும் மனநோயையும் மந்திரத்தால், தாயத்தால் தீர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டுவதும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தால் அது யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

சமயமும் மருத்துவமும் சேர்ந்து நடக்கும் வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நம்பிக்கையின் அடிப்படையில் பிறந்த நிறுவனம். அதன் பாகாயம் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையை வைத்தது. குடும்பத்தைப் பிரித்து உயர்ந்த மதிலுக்குள் அடைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. மருத்துவம் செய்வதற்கு முன் யாரையும் மதம் மாறச் சொல்ல வேண்டியதில்லை, பக்தியை மறைக்கவும் வேண்டியதில்லை என்பதை அந்த வளாகம் காட்டியது. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டம் உனாவாவில் உள்ள மீரா தாதர் தர்காவில் 'தவா–துவா' திட்டம் வந்தது: துவா என்ற பிரார்த்தனை ஒருபக்கம், தவா என்ற மருந்து ஒருபக்கம், அனுப்பிவைப்பவர் தர்காவைக் கவனிக்கும் முஜாவரே. பிறகு தமிழ்நாடு அரசு ஏர்வாடி தர்காவிலும் இம்முறையைத் தொடங்கியது. தீப்பிடித்த ஊரிலேயே முடியும் என்றால் ஆரணியில் ஏன் முடியாது?

ஆகவே எங்கள் அமைப்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் விதிகளை வெளிப்படையாகச் சொல்கிறோம். குடும்பம் கேட்டால் அவர்களோடு சேர்ந்து ஜெபிப்போம், வேண்டுவோம். கேட்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். அரிசியோ பள்ளிக் கட்டணமோ தரும் கையில் துண்டுப் பிரசுரம் இருக்காது. கூட்டத்துக்கு வராத குடும்பத்தின் உதவி நிற்காது. குழந்தையின் நோய்க்குப் பெற்றோரின் பாவமோ முன்னோர் சாபமோ காரணம் என்று எங்கள் தொண்டர் எவரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு அவர் எங்களோடு இல்லை. குணமான குழந்தையை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் படம் எடுத்துப் போடுவதும் எங்களிடம் இல்லை. நன்கொடை தருபவர்கள் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கிறார்கள். தர மறுப்பதால் சில நன்கொடை போகும், போகட்டும்.

வழிபாட்டிடத்தாரிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. வரும் குழந்தையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, யாராவது உன்னைத் தொந்தரவு செய்கிறார்களா. மூன்றாவதைக் கேட்கும்போது ஒரு பெண் பணியாளர் பக்கத்தில் இருக்கட்டும், வீட்டார் காதுக்கு எட்டாத இடத்தில், ஆனால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி. பிறகு திருநீறோ ஓதிய தண்ணீரோ எண்ணெயோ கொடுங்கள், 'டாக்டரிடமும் காட்டு' என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் பத்து விழிப்புணர்வுக் கூட்டத்தைவிட மதிப்பு அதிகம். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் பாகாயத்தையும் தாண்டித்தான் போகிறது. எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் போதும்.

அரசிடம் கேட்பது கொஞ்சம் கூடுதல். நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015–16) 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். மாவட்ட மனநலத் திட்டம் இதை வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போகும் பேருந்துகளை நம்பி விட்டுவிடக் கூடாது. ஆரணி அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநல நாள் ஒன்று நிலையாக வேண்டும். அது எந்தக் கிழமை என்பது தறிக்காரர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும், காலைக் கூலியை விட்டு வர முடியாதவர்களுக்காக. வலிப்பு மாத்திரைக்கு ஒரு மாதம்கூடத் தட்டுப்பாடு வரக் கூடாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பட்டு முதலாளிகளும் முன்பணக் கணக்கை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் இந்தக் கோரிக்கையிலேயே சேர்க்கிறோம். கடன் எவ்வளவு பாக்கி என்று தெரியாத வீட்டில் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அப்பா தூங்காத வீட்டில் பிள்ளையும் தூங்காது.

மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருந்தால் டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்களையும் பிரகாரத்திலும் வுளூ செய்யும் இடத்திலும் ஆலய வாசலிலும் எழுதிவைக்கச் சம்மதிக்கும் எந்த வழிபாட்டிடத்தோடும் சேர்ந்து வேலை செய்வோம். பெயின்ட் செலவு எங்களுடையது. குழந்தையைக் கட்டிவைத்திருப்பதை எங்கள் தொண்டர் கண்ட இடத்தில் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றே 1098-க்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிப்போம். அது எங்களுக்கு நன்கொடை தரும் சபையாகவோ, எங்கள் நிர்வாகக் குழுவில் இருப்பவரின் குலதெய்வக் கோயிலாகவோ இருந்தாலும்.