இந்த முகவரிக்குக் கடிதம் வருமா?

“கணினியின் ஐபி முகவரியைக் கண்டுபிடிக்கும் நிரலை சி மொழியில் எழுதுக.” பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புப் பாடத்தில் எங்களுக்குக் கிடைத்த இடுபணி இது. இணையத்தில் தேடினால் பத்து வரியில் விடை கிடைக்கிறது. ‘கெட்ஹோஸ்ட்நேம்’ என்ற ஃபங்ஷன் கணினியின் பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை ‘கெட்ஹோஸ்ட்பைநேம்’ என்பதிடம் கொடுத்தால் முகவரி வரும். நானும் அப்படியே எழுதினேன். நிரல் பிழையில்லாமல் ஓடியது. திரையில் 127.0.1.1 என்று வந்தது. வேலை முடிந்ததென்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பக்கத்து மேசைக் கணினி இந்த முகவரிக்கு எதையாவது அனுப்பினால் உங்களுக்கு வந்து சேருமா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

சேராது. 127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் ஒரு கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை. என் நிரல் உண்மையான முகவரியைத் தேடவே இல்லை; கணினியின் பெயருக்கு எதிரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தது. உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் 127.0.1.1 என்று எழுதி வைத்திருப்பது வழக்கம். அதைத்தான் எனக்குப் படித்துக் காட்டியது.

அந்த வாரக் கடைசியில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். “கம்ப்யூட்டரோட முகவரியைக் கண்டுபிடிக்கப் படிக்கிறோம் பாட்டி” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க காலத்துல லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டாரு. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பேரைப் பார்த்துக் கொடுத்தனுப்புவாரு.”

பாடப்புத்தகத்தில் பல முறை படித்தும் புரியாதது அங்கே புரிந்தது. லயத்து வீட்டு எண் தோட்டத்துக்குள் மட்டுமே செல்லும். 12ஆம் எண் வீடு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வெளியுலகத்துக்குத் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. நம் வீட்டு வைஃபை கொடுக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் அப்படித்தான். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். அவை போதாது என்பதால், உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று சில வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். 1996இல் வெளிவந்த இணைய ஆவணம் ஒன்று அவற்றை வரையறுக்கிறது. அலோர் காஜாவில் ஒரு வீட்டுக் கணினிக்கும் மெர்லிமாவில் ஒரு வீட்டுக் கணினிக்கும் அதே எண் இருக்கலாம். வாசலில் இருக்கும் ரௌட்டர்தான் கிராணி.

ஆக, “கணினியின் முகவரி என்ன?” என்ற கேள்வியே முழுமையானதல்ல. முகவரி கணினிக்கு அல்ல, அதன் ஒவ்வொரு இணைப்புக்கும் உரியது. வைஃபைக்கு ஒன்று, கம்பி இணைப்புக்கு ஒன்று, தனக்குத்தானே பேச ஒன்று. லினக்ஸிலும் மேக்கிலும் ‘கெட்இஃப்அட்ரஸ்’ என்ற ஃபங்ஷன் இவை எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுக்கும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நம் வேலை. வெளியுலகம் காணும் முகவரியோ ரௌட்டரிடம் இருக்கிறது. அதை அறிய வெளியே உள்ள ஒரு கணினியைக் கேட்கலாம். நான் நகலெடுத்த ‘கெட்ஹோஸ்ட்பைநேம்’ 2008ஆம் ஆண்டு போசிக்ஸ் தரத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைத்தான் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது என் ஒருவனின் தவறு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். எஸ்பிஎம் காலத்திலிருந்தே பழைய தேர்வுத்தாள் விடைகளை மனனம் செய்து பழகிவிட்டோம். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழு நிரலும் நொடியில் வந்துவிடுகிறது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நிரல் ஓடுவது வேறு, விடை சரியாக இருப்பது வேறு. பிழைச் செய்தி வந்தால் நாமே தேடித் திருத்துவோம். தவறான விடை அமைதியாக வந்தால் யார் கண்டுபிடிப்பது?

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி முடித்து, ஆங்கிலத்தில் பட்டம் படிக்கிறோம். இந்தப் பயணத்தில் சொற்கள் மட்டும் நம்மோடு வந்து, பொருள் பாதி வழியில் இறங்கிவிடுகிறது. ‘ஐபி அட்ரஸ்’ என்று நூறு முறை சொன்ன நான், அது ஒரு முகவரி என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

அதனால் இப்போது எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இடுபணியை அனுப்புவதற்கு முன், அதை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் திக்குகிறேனோ, அந்த இடம் எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். கணினி அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளும் செய்து பாருங்கள். கேட்பதற்குப் பாட்டி ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.