பத்தாவது நாள்தான் பயப்படணும்

1/ வெளிநாடு போய் கார் ஓட்டப் போறேன்னு யாராவது சொன்னா, நாம எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "ரெண்டு நாள்ல பழகிடும்." ஒரு டாக்டரா எனக்கு இந்தப் பதில்ல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட். அமெரிக்கா, கனடா, வளைகுடான்னு கிளம்புறவங்களும், அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போற அப்பா அம்மாக்களும் அவசியம் படிங்க.

2/ முதல்ல என் கதை. சில வருஷம் முன்னாடி குடும்பத்தோட அமெரிக்கா போயிருந்தேன். முதல் நாள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாய்க்குள்ள "வலது, வலது"ன்னு ஜபம் பண்ணிக்கிட்டே ஓட்டினேன். இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஆடிச்சு, பசங்க சிரிச்சாங்க. ஆனா ஒரு தப்பும் நடக்கல.

3/ தப்பு நடந்தது பத்தாவது நாள். விடியற்காலை நேரம். பெட்ரோல் போட்டுட்டு வெளியே வர்றேன், ரோட்டில ஒரு வண்டி இல்லை. இடது பக்கம் திரும்பினேன். திரும்பி, நம்ம ஊர் மாதிரியே ரோட்டோட இடது பக்கத்தைப் பிடிச்சு நிம்மதியாப் போயிட்டிருந்தேன். "ஏங்க, சைடு மாறிட்டீங்க!"ன்னு மனைவி கத்தினப்போ, எதிரே தூரத்தில ரெண்டு ஹெட்லைட். பின் சீட்டில பசங்க தூங்கிட்டிருந்தாங்க. மனைவியும் தூங்கியிருந்தா? அதை இன்னிக்கு வரைக்கும் யோசிக்காம இருக்க முடியல.

4/ முதல் நாள் நடக்காதது பத்தாவது நாள் ஏன் நடந்தது? வருஷக்கணக்கில் செய்து பழகிய வேலையை மூளை ஒரு தனி வகை நினைவாக வைத்திருக்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா, பின்பக்கம் உள்ள சிறுமூளை ஆகியவற்றுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சைக்கிள் ஓட்டுவது, சட்டை பட்டன் போடுவது எல்லாமே இந்தக் கணக்குதான். நாம யோசிக்கத் தேவையில்லை, கை தானா செய்யும்.

5/ புது நாட்டில் அந்தப் பழைய பழக்கம் அழிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, "இப்போ வேண்டாம், சும்மா இரு" என்று அதை அடக்கி வைக்கிறது. முதல் நாள் பயம் இருப்பதால் இந்தக் காவல் பலமாக இருக்கும். பயம் போனா காவலும் தளரும். முன்னாடி போற வண்டியைப் பார்த்துத்தான் நாம பாதி நேரம் சரியான பக்கத்தில் இருக்கோம். காலி ரோட்டில் அந்தத் துணையும் கிடையாது.

6/ ஸ்வீடனில் ஒரு நாடே இதை அனுபவித்தது. 1955-ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு நாடு முழுக்க இடதிலிருந்து வலதுக்கு மாறியது. ஆரம்பத்தில் விபத்துகள் கூடவில்லை, குறைந்தன! எல்லாரும் பயந்து பயந்து ஓட்டியதுதான் காரணம் என்பது பரவலான கருத்து. சுமார் ரெண்டு வருஷத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்கே வந்துவிட்டது.

7/ தனி மனிதர் விஷயத்தில் இது எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு. 2019 ஆகஸ்ட், நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு விமானப்படைத் தளத்துக்கு வெளியே உள்ள ரோடு. அந்த நாட்டுக்கு வந்து சில வாரங்களே ஆன ஓர் அமெரிக்கப் பெண் வலது பக்கமாகவே ஓட்டிப் போனார். எதிரே பைக்கில் வந்த 19 வயதுப் பையன் இறந்துபோனான். 2022-ல் கோர்ட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குடிபோதை இல்லை, ரேஸ் இல்லை. பழக்கம்தான்.

8/ "நான் 20 வருஷமா ஓட்டுறேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?"ன்னு வளைகுடா போற நண்பர்கள் அலுத்துக்குவாங்க. அந்த 20 வருஷம்தான் காரணம்! புதுசா கத்துக்கிறவனுக்கு அடக்கி வைக்கப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. நம்ம ஆர்டிஓ ஆபீஸில் வாங்குற இன்டர்நேஷனல் பெர்மிட், நம்மகிட்ட லைசென்ஸ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். வலது பக்கம் ஓட்டத் தெரியும்னு சொல்லாது. அந்த டெஸ்ட் செலவு எனக்கு நியாயமாத்தான் படுது.

9/ ஆபரேஷன் தியேட்டரில் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும், இடது காலா வலது காலா என்று முன்னாடியே மார்க்கரில் குறி போடணும். கத்தி வைக்கும் முன் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சரிபார்க்கணும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டு வந்த சரிபார்ப்புப் பட்டியலிலும் இது இருக்கிறது. "நான் கவனமா இருப்பேன்" என்பதை நாங்களே நம்புவதில்லை. ஸ்டியரிங் பிடிக்கிறப்போ மட்டும் ஏன் நம்பணும்?

10/ அதனால என் பட்டியல்:
• ஃப்ளைட் இறங்கின அன்னிக்கு ஓட்டாதீங்க. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற அளவுக்கு மூளை மந்தமாகும்.
• டிரைவர் சீட் எப்பவும் ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கணும். அங்கேயும் இங்கேயும் இதே விதிதான். அமெரிக்காவில் இருவழி ரோட்டின் மஞ்சள் கோடு உங்க இடது கைப் பக்கம் இருக்கணும்.
• பெட்ரோல் பங்க், பார்க்கிங், ஒருவழிப்பாதை முடியும் இடம், காலி ரோடு: இங்கேதான் தப்பு நடக்கும். கிளம்பும் முன் ஒரு நொடி நின்னு, பக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்க.
• பக்கத்து சீட்காரருக்கு உங்களைத் திருத்தும் வேலையைக் கொடுங்க. சொன்னா கோபப்படாதீங்க.

11/ நடந்து போறவங்களுக்கும் இதே ஆபத்து. நம்ம ஊரில் ரோட்டில் இறங்கும்போது முதல்ல வலது பக்கம் பார்ப்போம். அமெரிக்காவில் வண்டி முதல்ல இடது பக்கமிருந்து வரும். 1931 டிசம்பரில் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவைக் கடந்த வின்ஸ்டன் சர்ச்சில், லண்டன் ஞாபகத்தில் தவறான பக்கம் பார்த்து, கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தப்பு தன்மேல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். பேரப் பிள்ளையை ஸ்ட்ரோலரில் வச்சுத் தள்ளிட்டுப் போற அம்மாவுக்கு, அங்கே போனதும் முதல்ல சொல்ல வேண்டியது இதைத்தான்.

12/ ஊர் திரும்பினதும் கதை முடியல. அங்கே வருஷக்கணக்கில் ஓட்டினவங்க லீவுக்கு வந்து ஏர்போர்ட்லயே சாவியை வாங்கிக்குவாங்க. அவங்களுக்கு இப்போ வலதுதான் பழக்கம். அன்னிக்கு ஒரு நாள் தம்பியோ மச்சானோ ஓட்டட்டும்.

13/ ரெண்டு நாள்ல பயம் போயிடும், அது உண்மைதான். பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இனி யாராவது ஓட்டப் போறேன்னு சொன்னா, "பழகிடும்"னு சொல்லாதீங்க. "பழகிட்டுதுன்னு தோணுற அன்னிக்குத்தான் ஜாக்கிரதையா இரு"ன்னு சொல்லுங்க.