அணு உலை எஃகின் ஜாதகம் யார் பெட்டியில் இருக்கிறது?

மதுரையில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தி பழக்கம். வைகை அணை இத்தனை அடி, பெரியாறு அணை இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. மேலூர்ப் பக்கம் நாற்று விடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கேரளாவோடு அத்தனை வழக்கு நடந்தபோதும் அந்த எண்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. 1895ல் கட்டி முடித்த அணை இன்னும் தாங்குமா என்ற சண்டையில், நிபுணர் குழுவின் சோதனை முடிவுகளைப் பார்த்த பிறகுதான் 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது.

அதே கேள்வியைக் கூடங்குளத்தைப் பார்த்துக் கேட்போம். 2013 ஜூலையில் முதல் உலை இயங்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து நியூட்ரான் அடி வாங்கிக்கொண்டிருக்கும் அதன் அழுத்தக் கலனின் எஃகு இப்போது எப்படி இருக்கிறது? நீங்களும் நானும் போய்ப் பார்க்க ஒரு பொது அட்டவணை கிடையாது. என் கோபமெல்லாம் இதில்தான்.

"இரும்பு என்னய்யா மாறப்போகுது?" என்று கேட்கிற நண்பர்களுக்காகக் கொஞ்சம் பாடம். (தூங்கிவிடாதீர்கள்.) வேகமான நியூட்ரான் வந்து மோதினால் உலோகத்தில் ஓர் அணு தன் இடத்தை விட்டுத் தெறிக்கும். ஒவ்வோர் அணுவும் சராசரியாக எத்தனை முறை இடம் பெயர்ந்தது என்பதுதான் சேதத்துக்கான அளவுகோல். அழுத்தக் கலனில் இந்த அளவு சிறியதுதான். ஆனால் அதுவே போதும், எஃகு கடினமாகி, நெளிவதற்குப் பதில் உடையும் குணத்துக்கு மெல்ல நகரும். வேக உலையின் உள்ளே அளவு மிக அதிகம். அங்கே எஃகுக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி, உலோகமே உப்பிவிடும். பிரிட்டனின் டௌன்ரே உலையில் இருந்து எடுத்த எரிபொருள் உறைகளில் இதைக் கண்டு, காதார்ன், ஃபுல்டன் இருவரும் 1967ல் எழுதியபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

"வெளிநாட்டு அட்டவணையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே" என்பீர்கள். முடியாது. செம்பு, பாஸ்பரஸ், நிக்கல் இவை கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலே கதை மாறும். கூடங்குளத்தில் இருக்கிற ரஷ்ய வகைக் கலன்களின் வெல்டிங்கில் நிக்கல் கூடினால் எஃகு சீக்கிரம் நொறுங்கும் தன்மை பெறும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. நம் எஃகுக்கு நம் ஜாதகம்தான் பொருந்தும்.

நம் விஞ்ஞானிகள் அளக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கல்பாக்கத்தில் 1985ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக உலையின் கார்பைடு எரிபொருளை 25, 50, 100, 155 என்று (டன்னுக்கு ஜிகாவாட்-நாள் கணக்கில்) படிப்படியாக வெளியே எடுத்து, கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகளால் அறுத்துப் பார்த்தார்கள். எரிபொருளும் தாங்குகிறது, அதன் எஃகு உறையும் தாங்குகிறது என்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போனார்கள். 165 வரை போனது அப்படித்தான். அளவுகள் கையில் இருந்ததால் கிடைத்த தைரியம் அது.

ஆனால் அந்த அளவுகள் நம்மிடம் எப்படி வந்து சேர்கின்றன? காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழில், ஒரு வரைபடத்தில் ஏழெட்டுப் புள்ளிகளாக. மாணவன் அந்தப் படத்தின் மேல் ஸ்கேல் வைத்துப் புள்ளிகளைத் திரும்ப எண்களாக்க வேண்டும். அந்த எஃகு எந்த வார்ப்பில் வந்தது, எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் உலையில் இருந்தது, உடைந்துபோன மாதிரிகள் எத்தனை? பாதிக்கு மேல் கட்டுரையில் இருக்காது. இந்த விவரம் இல்லாத எண், பிறந்த நேரம் இல்லாத ஜாதகம்.

அந்தக் காலத்தில் ஊர் நிலக் கணக்கு முழுக்கக் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அவர் நல்லவராகவே இருந்தாலும் பெட்டி அவருடையதுதான். 1985ல் அந்த உலையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஃப்ளாப்பியில் இருப்பதைப் படிக்க இன்று எத்தனை பேரிடம் கருவி இருக்கிறது? உலைக்குள் பல வருடம் இருந்த ஒரு துண்டு எஃகின் குறிப்பு தொலைந்தால், அதைத் திரும்பப் பெற இன்னும் அத்தனை வருடம் ஆகும். தரவுத்தளத்தைக் கட்டுவது ஒரு வேலை என்றால், முப்பது வருடம் காப்பது பத்து வேலை. அதற்குச் சம்பளத்தோடு ஆட்கள் வேண்டும். "புராஜெக்ட் முடிந்தது, கோப்பை மூடு" என்று விட முடியாது.

மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஓக் ரிட்ஜ் ஆய்வகம் மின் உலைக் கலன்களின் அளவுகளை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டியது. 2015ல் அமெரிக்கத் தர அமைப்பு வெளியிட்ட கணிப்புச் சூத்திரத்துக்கு 13 நாடுகளின் அளவுகள் பயன்பட்டன. ஒரு நாடு தனியாக உட்கார்ந்து போட்டிருக்க முடியாத கணக்கு.

இனி வழக்கமான பதில்கள்.

"தேச பாதுகாப்பு." எஃகுத் துண்டு எத்தனை ஜூலில் உடைந்தது என்பதை வைத்து எவனும் குண்டு செய்ய முடியாது. எரிபொருள் ரகசியத்தைப் பூட்டுங்கள், எஃகை ஏன் பூட்டுகிறீர்கள்? பொதுப் பணத்தில் உருவாகும், பூட்டத் தேவையில்லாத தரவுகளைப் பகிர வேண்டும் என்று 2012ல் கொள்கை வெளியிட்டதும் இதே மத்திய அரசுதான்.

"புது உலோகம், வணிக மதிப்பு உண்டு." சரி, ஐந்து வருடம் மூடி வையுங்கள். ஐம்பது வருடம் வேண்டாம்.

"எதிர்ப்பாளர்கள் தவறாகப் பயன்படுத்துவார்கள்." 2012ல் கூடங்குளம் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கொடுங்கள் என்று மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது, அணுமின் கழகம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடிந்தகரைக்காரர்களின் சந்தேகம் அதனால் குறைந்ததா, கூடியதா? உலை வேண்டும் என்பவனுக்கும் வேண்டாம் என்பவனுக்கும் ஒரே அட்டவணை கையில் இருந்தால்தான் விவாதம் நடக்கும். இல்லையென்றால் வெறும் கூச்சல்தான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் 1962ன் அணுசக்திச் சட்டத்தை நீக்கி, தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையைத் திறந்துவிட்டது. இதுவரை ஒரு துறையின் பெட்டியில் இருந்தது, இனி பல கம்பெனிகளின் பெட்டிகளில் சிதறும். ஒரு கம்பெனி கைமாறினால் அதன் எஃகின் வரலாறு எங்கே போகும்?

அதனால் உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனை போடுங்கள். உலையில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு சோதனை மாதிரியின் முடிவும், அதன் முழு ஜாதகத்தோடு, ஒரு பொதுத் தளத்தில் சேர வேண்டும். தோற்ற சோதனையும் சேர வேண்டும். அரசு உலை, தனியார் உலை என்ற பாகுபாடு கூடாது. தளத்தைக் காப்பது உலை நடத்துபவராக இருக்கவே கூடாது.

அணை எண்கள் ஊருக்கே தெரிகின்றன. அதனால் எந்த அணையும் உடைந்துவிடவில்லை. உலை எண்களும் தெரியட்டும்.