கூலி ஏறினதா நம்ம கஷ்டத்துக்குக் காரணம்?



டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான். "ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் கேக்கிற கூலி கட்டுபடியாகல." பேச்சு பொய்யில்லை. அறுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது கடன்தான். ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுகிறோம்? களையெடுக்க வந்த அக்கா, தங்கச்சி மேல் காட்டுகிறோம். இது சரிதானா?

கூலியைத் தீர்மானிப்பது யார்? தனியாக நாமும் இல்லை, அவர்களும் இல்லை. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் நடவு. ஒரு ஆளுக்குப் பத்து வயல் போட்டி போட்டால் கூலி ஏறத்தான் செய்யும். நடவு முடிஞ்சா அதே ஆளுக்கு வேலை கிடையாது. நாம் ஒருநாள் கூலியைப் பார்க்கிறோம். அவர்கள் வேலையில்லாத நாளையும் சேர்த்து வருஷத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, வேறு வேலை உண்டா என்பது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் கூடக் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்? நம்ம பிள்ளைகளே போயிட்டாங்களே!

மூன்றாவது, ஒன்றுசேர்ந்து கேட்கும் பலம். கீழத்தஞ்சையில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அடுத்த வருஷமே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சந்தை தானாகக் கொடுத்த கூலி அல்ல அது.

அதோடு பழக்கம் வேறு இருக்கு. ஒரே வயல், ஒரே வெயில். ஆனா பொம்பளைக்குக் கூலி குறைச்சல். இது எந்த ஊர் நியாயம்?

சரி, கூலி குறைந்தால் விவசாயி பிழைத்துக்கொள்வானா? ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளியின் நாள் கூலி கேரளாவில் சுமார் 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய்தான். நாட்டின் சராசரி 345 ரூபாய். கூலி இவ்வளவு குறைந்த அந்த மத்தியப் பிரதேசத்தில்தான், 2017 ஜூனில் மந்த்சௌரில் விளைபொருளுக்கு விலை கேட்ட விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கூலி குறைவு அவர்களைக் காப்பாத்தலையே!

அப்போ நோய் எங்கே? விலையில் இருக்கு. கம்பெனிக்காரன் கூலியைத் தன் சரக்கு விலையில் ஏற்றி விற்கிறான். நம்ம நெல்லுக்கு விலை வைப்பது நாமா? கூலி மாநிலத்துக்கு மாநிலம் மூன்று மடங்கு வித்தியாசப்படுது. மத்திய அரசின் ஆதார விலையோ நாடு முழுக்க ஒண்ணுதான். 2025-26க்கு நெல் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்றார்கள். அதன் மேல் பாதி சேர்த்து, சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய் வைத்தார்கள். மாநில ஊக்கத்தொகை சேர்த்து நமக்கு 2,500 ரூபாய். அந்த 1,579ல் கைச்செலவும், வீட்டு ஆட்களின் உழைப்புக் கூலியும் மட்டுமே உண்டு. சொந்த நிலத்துக்குக் குத்தகை மதிப்பு இல்லை. போட்ட சொந்த நிலை முதலுக்கு வட்டி இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் போடுவதுதான் 'சி2' கணக்கு. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை கொடுங்கள் என்று சுவாமிநாதன் ஆணையம் சொன்னது 2006ல். அதைச் செலவு முழுவதுக்கும் கொடு என்கிறோம்.

நூறு நாள் வேலையால்தான் கெட்டோம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம், விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் அந்த வேலையை நிறுத்தி வைக்க வழி செய்கிறது. நிறுத்தினால் ஆள் கிடைக்கலாம். நெல்லுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்குமா?

ஒன்றை மறக்க வேண்டாம். நம்மில் எத்தனையோ பேர் நம்ம வயல் வேலை முடிஞ்சதும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறவர்கள்தான். காலையில் கூலி குறையணும்னு பேசி, சாயந்தரம் கூலி பத்தலைன்னு புலம்பினால் யாருக்கு லாபம்? கூலிக்காரர் கையில் நாலு காசு இருந்தால்தான் நம்ம காய்கறியும் பாலும் விற்கும்.

எனவே கேட்போம்:

சி2 செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!

அந்தந்த மாநிலக் கூலியைக் கணக்கில் எடு!

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி!

மே 1 கிராம சபைக்கு நில உடைமையாளரும் தொழிலாளியும் சேர்ந்தே வாருங்கள். மூன்றையும் தீர்மானமாகப் போடுங்கள். மாவட்டக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதன் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் கூலியை வெட்டி நம்ம கடன் தீராது. நியாய விலை வந்தால் ரெண்டு வீட்டு அடுப்பும் எரியும்!