அணையாத சிவப்பு விளக்கு

பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்தால் எமது வாவியின் மீனிசை கேட்கும் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்னும் பிரித்தானிய அதிகாரியும் அதனைக் கேட்டு எழுதிவைத்தார். துடுப்புக்குப் பதிலாக நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, இராமுழுவதும் பதிவுசெய்ய வேண்டுமென்று என் மாணவர் சிலருக்குச் சென்ற ஆண்டு ஆசை பிறந்தது.

ஆய்வுகூட அலுமாரியில் ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்று கிடந்தது. 2012இல் வெளிவந்த முதல் வகை, உள்ளங்கையில் அடங்கும். அதில் யூ.எஸ்.பி. துளைகள் இரண்டே. நமக்கோ ஒலிக்கருவி, பென் ட்ரைவ், விசைப்பலகை என மூன்று தேவை. ஆகவே தனி மின்வசதியுள்ள ‘ஹப்’ ஒன்றை மலிவாக வாங்கி இணைத்தோம். (மலிவுக்கு நானே பொறுப்பு.)

ஆய்வுகூடத்தில் இயங்கிய பெட்டி தோணியில் இயங்க மறுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெமரி காட்டை வாசிக்கும்போது சிமிட்ட வேண்டிய பச்சை விளக்கோ சிமிட்டவில்லை. காட்டைத் தயாரித்த மாணவனை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி பேசாது மீண்டும் புதிதாக எழுதிக் கொணர்ந்தான். அடுத்த பூரணையும் அவ்வாறே பாழாயிற்று. அன்று பெட்டியைக் கழற்றும்போது அவனே, “சேர், பலகைக்குப் போற வயரைக் கழற்றியும் சிவப்பு லைற் எரியுதே!” என்றான்.

அதுவே விடை. ஹப்பிலிருந்து மின்சாரம் யூ.எஸ்.பி. கம்பி வழியே பலகைக்குள் பின்னோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. மின்னழுத்தம் பூச்சியத்திலிருந்து 5 வோல்றுக்கு விரைந்து உயரும்போதுதான் இத்தகைய பலகை முறையாகத் துயிலெழும். தோணியிலே நாம் முதலில் பற்றரியை ஹப்புக்கு இணைத்தோம். பின்வழியே கசிந்த நலிந்த மின்சாரத்தில் பலகை பாதி விழித்து மயங்கி நின்றது. பிறகு உரிய மின்சாரம் வந்தபோதும், ஏற்கெனவே விழித்ததாக எண்ணி, மீண்டும் தொடக்கத்திலிருந்து புறப்படவில்லை. ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பலகைக்கே முதலில் மின்சாரம் கொடுத்திருந்தோம்!

பரிகாரம் எளிது. யூ.எஸ்.பி. முனையில் நான்கு தகடுகள் உண்டு. நடுவிரண்டும் செய்திக்கு, ஓரத்திலுள்ளவற்றில் ஒன்று 5 வோல்ற் மின்சாரத்துக்கு, மற்றது அது திரும்பும் வழிக்கு. மின்சாரத் தகட்டை மானியால் அளந்தறிந்து, மெல்லிய ஒட்டுநாடாவால் மூடினோம். எங்கள் ஹப் அதன்பின்னும் குறையின்றி இயங்கியது. வீட்டில் இத்தகைய பெட்டி முரண்டு பிடித்தால், யூ.எஸ்.பி. இணைப்பு அனைத்தையும் கழற்றி, வெறும் பலகையை எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பின்பாய்ச்சல் இல்லாவிடினும், யூ.எஸ்.பி. 2.0 முறையில் ஒரு கருவி 500 மில்லியம்பியர் வரை கேட்கக்கூடும். மின்கம்பி மெலிந்ததாயின் அழுத்தம் வீழ்ந்து பலகை தள்ளாடும்.

மூன்றாம் பூரணையில் பெட்டி முதல் முறையிலேயே எழுந்தது. பச்சை விளக்குச் சிமிட்டியதும், தோணியிலேயே அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை சேர். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, பதிவாகுது,” என்றான்.